சரிவான இடத்தில் சந்தை: மட்டமாக வெட்டிவிட்டு வரைவதா, வெட்டாமல் வரைவதா?

மார்ச் 2 | மூன்றாமாண்டு

கட்டடக்கலை மூன்றாமாண்டில் இந்தத் தவணைக்கு வரைந்து கொடுக்க மூன்று வேலை. ஹட்டன் டவுனில் மரக்கறிச் சந்தையும் கடைத்தொகுதியும். பக்கத்துத் தோட்டமொன்றில் வாசிகசாலையோடு சேர்ந்த பிள்ளைமடுவம் (வேலைக்குப் போகிறவங்களின் சிறுபிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற இடம்). அதே தோட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணிகளில் 20 வீடு. சந்தையைத்தான் முதலில் ஒப்படைக்க வேண்டும். இடம் வீதிக்கு மேல்பக்கம்: வீதியோரமாக 30 மீற்றர், மேல்நோக்கி 20 மீற்றர், சரிவு 15 பாகை.

என் வாதம் இது. சந்தைக்கு மட்டமான தரை வேண்டும். மூட்டை இழுக்கணும், தள்ளுவண்டி போகணும், வயசானவங்க கூடையோடு நடக்கணும். வீதி மட்டத்துக்கு முழு இடத்தையும் வெட்டிப் பின்னால் ஒரு தாங்குமதில் கட்டுவதுதான் நேர்மையான வழி. தட்டுத் தட்டாகப் போவது வீட்டுக்குச் சரி, வியாபாரக் கட்டடத்துக்குச் சரிவராது. மாற்றுக் கருத்து உள்ளவங்க சொல்லுங்க.

மார்ச் 2 | கருங்கல்கட்டு

கணக்குப் போட்டுப் பாருங்க தங்கச்சி. 15 பாகைக்கு ஒரு மீற்றர் போனால் 0.268 மீற்றர் ஏறும். 20 மீற்றர் உள்ளே போனால் 5.36 மீற்றர். கிட்டத்தட்ட இரண்டு மாடி உயரத்துக்குச் செங்குத்தாக மண் நிற்கும். வெட்டுமுகம் ஒரு முக்கோணம்: 20 × 5.36 ÷ 2, அதாவது 53.6 சதுர மீற்றர். 30 மீற்றர் நீளத்துக்கு 1,608 கன மீற்றர் மண். 3 கியூப் டிப்பர் ஒன்று 8.5 கன மீற்றர் ஏற்றும். 189 லோட். ஹட்டன் டவுனுக்குள்ளே 189 முறை டிப்பர் வந்து போகணும், அந்த மண்ணைக் கொட்ட இன்னொரு இடம் வேணும். மலையகத்தில் மண் கொட்டுகிற இடமும் ஒரு சரிவுதான்.

அடுத்தது மதில். 5.36 மீற்றர் உயரக் கருங்கல் மதிலுக்கு அடி அகலம் உயரத்தின் 0.6 மடங்கு என்று ஆரம்பக் கணக்கு வைத்தால் 3.2 மீற்றர் வரும். பிளானில் எத்தனை மில்லிமீற்றர் தடிப்பில் கோடு போட்டிருக்கீங்க?

மார்ச் 3 | மூன்றாமாண்டு

225 மில்லிமீற்றர். கொங்கிரீட் மதில் போட்டால் மெல்லிசாக வருமே?

மார்ச் 3 | கருங்கல்கட்டு

முதலில் என் நேற்றைய கணக்கில் ஒரு திருத்தம். வெட்டின மண் நிலத்தில் இருந்த அளவிலேயே இருக்காது, உதிர்ந்து பெருகும். 25 வீதம் கூட்டுங்க. 1,608 என்பது 2,010 ஆகும், லோட் 236 ஆகும். 189 என்று எழுதினது தப்பு.

கொங்கிரீட் மதிலின் நிற்கிற பகுதி மெல்லிசுதான், அடியில் 450, 500 இருக்கலாம். ஆனால் அதுக்குப் பாதம் உண்டு. அந்தப் பாதமும் உயரத்தின் பாதிக்குக் குறையாது, பெரும்பகுதி மண் பக்கம் போகும். பாதம் போடுவதற்காக மதிலுக்கு அப்பாலும் தோண்டணும். பக்கத்துக் காணிக்குள் தோண்ட விடுவாங்களா? குறுக்குவெட்டில் பாதத்தையும், தோண்டுகிற கோட்டையும் வரையாத வரைக்கும் அந்த மதில் காகிதத்தில் மட்டும்தான் நிற்கும்.

மதிலைச் சாய்ப்பதில் பெரிய பங்கு மண்ணுடையது இல்லை, தண்ணீருடையது. 3 மீற்றர் மதில் ஒன்றை எடுங்க. ஈரம் வடிந்த மண் ஒரு மீற்றர் நீளத்துக்கு ஏறக்குறைய 27 கிலோநியூட்டன் விசையோடு தள்ளும். பின்னால் தண்ணீர் நிரம்பி நின்றால் அதே மதிலில் 58 வரும். இரண்டு மடங்குக்கு மேல். அதனால்தான் வடிதுளை: 75 மில்லிமீற்றர் பிவிசி குழாய், 1.5 மீற்றருக்கு ஒன்று, வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து. குழாயின் பின்வாய்க்கு நேரே 300 மில்லிமீற்றர் அகலத்துக்குச் சல்லி, சல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் வடிதுணி. துணி இல்லையென்றால் சில மழைக்காலத்தில் களிமண் சல்லிக்குள் இறங்கித் துளை அடைபடும்.

மதிலையே சந்தையின் பின்சுவராக வைத்திருக்கீங்க போல. அப்படியானால் அந்த வடிதுளைத் தண்ணீர் எங்கே விழும்? வெங்காய மூட்டை மேலே. மதிலுக்கும் கட்டடத்துக்கும் இடையில் ஒரு ஆள் புகுந்து துப்புரவு பண்ணுகிற அளவுக்கு, குறைந்தது 1 மீற்றர் விடுங்க. அதில் 300க்கு 300 கான், தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். மதிலின் தலைக்கு மேலேயும் ஒரு கான் வேணும், மேட்டுத் தண்ணீரை மதிலுக்குப் பின்னால் இறங்கவிடாமல் பக்கவாட்டில் கொண்டுபோக.

மார்ச் 3 | சமவுயரம்

15 பாகை என்பது எங்கிருந்து வந்தது?

மார்ச் 4 | மூன்றாமாண்டு

கூகுள் எர்த் உயரத்தை வைத்து சமவுயரக்கோடு (ஒரே உயரமுள்ள இடங்களைச் சேர்க்கிற கோடு) எடுத்தேன்.

மார்ச் 4 | சமவுயரம்

நினைத்தேன். இலவசமாகக் கிடைக்கிற செய்மதி உயரத் தரவுகளில் பல 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. உங்க இடமே 30க்கு 20. ஆக முழு இடத்துக்கும் ஒரே ஒரு உயரம், மற்றதெல்லாம் கணினி இடையில் நிரப்பினது. வீதிக்காக வெட்டின கரை, பழைய கல்லடுக்கு, நடுவிலே ஓடுகிற கான் ஒன்றுமே அதில் தெரியாது. மரக்கிளை, கூரை உயரம்கூட நிலமாகக் கணக்காகியிருக்கலாம்.

நில அளவையாளரின் மட்டப் பிளான் கிடைக்காவிட்டால் தண்ணீர்க் குழாயே போதும். உள்ளே தண்ணீர் தெரிகிற 10 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குழாய் 15 மீற்றர், மில்லிமீற்றர் குறித்த இரண்டு கம்பு, இரண்டு பேர். குழாயை ஒரு பக்கமிருந்து மெதுவாக நிரப்புங்க, நடுவில் ஒரு காற்றுக்குமிழ் நின்றாலும் அளவு பிழைக்கும். நகரும்போது இரண்டு வாயையும் விரலால் மூடணும், தண்ணீர் சிந்தினால் திரும்ப முதல் புள்ளிக்குப் போகணும். வீதியோரத்து மதகு மாதிரி அசையாத ஒன்றை 0.00 என்று வைத்து, 5 மீற்றருக்கு ஒரு புள்ளி எடுங்க. 30க்கு 20 இடத்துக்கு 35 புள்ளி, இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை. கரை, கான், கல்லடுக்கு, பெரிய மரம் இவற்றுக்குக் கட்டத்துக்கு வெளியிலும் புள்ளி எடுக்கணும். கடைசியில் தொடங்கின மதகுக்கே வந்து முடியுங்க. 20 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் இடையில் எங்கோ சிந்தியிருக்கு.

மார்ச் 9 | மூன்றாமாண்டு

அளந்தாச்சு. சராசரி 15 பாகைதான், ஆனால் ஒரே சரிவு இல்லை. வீதியோரத்தில் 1.2 மீற்றர் செங்குத்துக் கரை, நடுப்பகுதி கொஞ்சம் தட்டை, பிறகு ஏறுது. பின்னால் ஏறக்குறைய 5.4 மீற்றர் மேலே ஒரு சின்ன வீதி இருக்கு. படத்தில் அது நடைபாதை என்று நினைத்தேன். லொறி போகுது.

மார்ச் 9 | பீலிக்கரை

அந்த மேல்வீதியை முதலிலேயே சொல்லியிருக்கணும் தங்கச்சி! மலைநாட்டு டவுன்களில் பிரதான வீதியிலிருந்து பார்த்தால் ஒரு உயரம், பின்வீதியிலிருந்து பார்த்தால் வேறு உயரம். இரண்டு வாசல் உள்ள கட்டடத்துக்கு லிஃப்ட் செய்கிற பாதி வேலையை மலையே செய்து கொடுக்கும். மூட்டை மேல்வீதியில் இறங்கட்டும். பாரம் கீழ்நோக்கி வரட்டும், வெறுங்கையாக ஆள் ஏறட்டும். உங்க முதல் வாதத்தில் மூட்டையும் மனுசரும் ஒரே வாசலில் இடிபடுறாங்க.

மார்ச் 10 | கருங்கல்கட்டு

அக்கா சொன்னதோடு தட்டுக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்போம். 20 மீற்றரை 6.67 வீதம் மூன்று தட்டாக்கினால் ஒவ்வொரு தட்டுக்கும் வெட்டு 1.79 மீற்றர். மொத்த மண் 536 கன மீற்றர், முழு வெட்டின் மூன்றில் ஒன்று. எத்தனை தட்டோ அத்தனையால் வகுபடும், மனதில் வைக்க இலகுவான கணக்கு. மதிலும் 5.36 மீற்றர் ராட்சதன் ஒன்றுக்குப் பதிலாக 1.79 மீற்றரில் மூன்று. கருங்கல் மதிலின் அடி 1.1 மீற்றரோடு முடிந்துவிடும்.

சாய்தளம்: 1.79 மீற்றர் ஏற 1:12 இல் 21.5 மீற்றர். 9 மீற்றருக்கு ஒரு தரிப்பு, தரிப்பு 1.5 மீற்றர் என்றால் இரண்டு தரிப்பு, மொத்தம் 24.5 மீற்றர். உங்க நீளம் 30. சமவுயரக்கோட்டோடு போட்டால் உள்ளே அடங்கும். சரிவோடு மேல்நோக்கி 20 மீற்றரில் போட்டால் அடங்காது, மடக்கணும். பொதுக்கட்டடத்துக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் வசதி 2006 ஒழுங்குவிதிகளோடு கட்டாயம், கடைசி நாளில் மூலையில் ஒட்டுகிற காரியம் இல்லை.

மார்ச் 10 | கருங்கல்கட்டு

எழுதி முடித்த பிறகு யோசித்தேன். மூன்றாவது தட்டை வெட்டவே வேண்டாம். முதல் தட்டு 0.00, இரண்டாவது +1.79. அதற்குப் பின்னால் உள்ள 6.67 மீற்றர் சரிவை அப்படியே விடுங்க. மேல்வீதி மட்டமான +5.36 இல் ஒரு சிலாப், தூண்களில் நின்று அந்தச் சரிவுக்கு மேலால் வந்து இரண்டாம் தட்டையும் மூடட்டும். இரண்டாம் தட்டுக்கு உயரம் 3.57 மீற்றர். சிலாப், பீம் ஆழம் 600 போனாலும் கிட்டத்தட்ட 3 மீற்றர் மிஞ்சும், சந்தைக்குப் போதும். மேலே மொத்த வியாபாரமும் களஞ்சியமும், கீழே சில்லறை. லொறி வீதியிலேயே நிற்கணும், சிலாப்பில் ஏறக்கூடாது. மண் வெட்டு 358 கன மீற்றர். உதிர்வு சேர்த்து 447, அதாவது 53 லோட். 236 இருந்த இடத்தில் 53.

சிலாப்புக்கு அடியில் விடுகிற சரிவு மழை படாமல் காய்ந்து தூசியாகும், குப்பையும் சேரும். கல் பதித்து, பார்க்கப் போக ஒரு கதவு வைங்க.

மார்ச் 11 | மூன்றாமாண்டு

அப்போ மட்டத் தரை வேணும் என்ற என் வாதம் முழுசும் பிழையா?

மார்ச் 11 | பீலிக்கரை

பாதி சரி. கடைக்காரருக்கு மட்டத் தரை வேணும், ஆனால் 5 மீற்றர் ஆழத்துக்குத்தான். ஒரு மரக்கறிக் கடைக்கு முன்பரப்பு 2.4, ஆழம் 2.4, முன்னால் நடக்க 2 மீற்றர். கூட்டிப் பாருங்க, ஒரு தட்டுக்குள் வந்துடுது. 20 மீற்றர் மட்டம் கேட்டது சந்தை இல்லை, உங்க பிளான்தான்.

மார்ச் 12 | சமவுயரம்

மொடல் செய்யும் முன் ஒன்று, திரும்பத் திரும்ப நடக்கிற பிழை. 1:200 அளவில் 1 மீற்றர் சமவுயரக்கோட்டுக்கு 5 மில்லிமீற்றர் தடிப்பு மட்டை வேணும். கடையில் கிடைக்கிறது 2 மில்லிமீற்றர் சாம்பல் மட்டை என்று அதை ஒவ்வொரு கோட்டுக்கும் ஒன்றாக ஒட்டினால் மலை ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கும். 20 பாகைச் சரிவு மொடலில் 8 பாகையாகத் தெரியும். கட்டடம் மட்டும் சரியான உயரத்தில் நிற்கும், ஆகவே அது மலையைவிடப் பெரிதாகத் தெரியும், பார்க்கிறவங்க தட்டை நிலத்துக்கான கட்டடம் என்பாங்க. 5 மில்லிமீற்றர் நுரைமட்டை எடுங்க. இல்லையென்றால் 1:500க்குப் போங்க, அங்கே 2 மில்லிமீற்றர் மட்டை சரியாகப் பொருந்தும். கட்டடம் வரும் பகுதியில் ஒட்டாமல் கழற்றி மாட்டுகிற துண்டாக வைத்தால் வெட்டை மாற்றிப் பார்க்கலாம்.

மார்ச் 15 | மூன்றாமாண்டு

வீட்டுத் திட்டம் தொடங்கியாச்சு. தோட்டத்தில் கொடுத்த சரிவு 20 பாகை. 7 பேர்ச்சஸ் என்றால் 177 சதுர மீற்றர். வீடு 550 சதுர அடி, 51 சதுர மீற்றர். 8.5க்கு 6 என்று எடுத்தேன். காணி ஒடுக்கம் என்பதால் நீளப்பக்கத்தைச் சரிவோடு நிறுத்தியிருக்கேன், 20 வீடும் வரிசையாக அழகாக வருது.

மார்ச் 15 | கருங்கல்கட்டு

திருப்புங்க. 6 மீற்றர் சரிவோடு இருந்தால், பின்னால் 1 மீற்றர் நடைபாதை, 0.6 கான் சேர்த்து 7.6 மீற்றர் மட்டம். வெட்டு 2.77. 8.5 சரிவோடு இருந்தால் 10.1 மீற்றர் மட்டம், வெட்டு 3.68. ஒரு வீட்டுக்கு 0.9 மீற்றர் கூடுதல் மதில், அது 20 தடவை. மேல்வீட்டின் மதில் இடிந்தால் கீழ்வீட்டுக் கூரையில்தான் விழும்.

பாதி வெட்டிப் பாதி நிரப்பலாம் என்று அடுத்துக் கேட்பீங்க. வெட்டு குறையும், உண்மை. ஆனால் சரிவில் கொட்டின மண் மேல் அத்திவாரம் வைக்கக்கூடாது. புல்லை வழித்து, சரிவைப் படிபடியாகக் கொத்தி, 150, 200 மில்லிமீற்றர் அடுக்காக நனைத்து இடித்தால்தான் அது நிற்கும், அப்பவும் முற்றத்துக்கு மட்டும் பாவிங்க. வீட்டின் முன்பாதி இறங்கி நடுச்சுவரில் மேலிருந்து கீழே வெடிப்பு வருவது இந்த இடத்தில்தான். சமையலறையையும் படுக்கையறையையும் அரை மாடி வித்தியாசத்தில் வைக்க மனமிருந்தால், 165 மில்லிமீற்றர் படி 11 வைத்தால் 1.8 மீற்றர். 20 பாகையில் 5 மீற்றர் ஆழத்துக்கு அதுதான் ஏற்றம். கண்டியில் சரிவான இடத்தில் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா 1951 இல் முடித்த கருணாரத்ன வீட்டின் குறுக்குவெட்டை எடுத்துப் பாருங்க.

மார்ச் 16 | பீலிக்கரை

அரை மாடி எனக்கு ஒப்பில்லை. முழங்கால் வலியோடு கொழுந்து மலையிலிருந்து வருகிற அம்மாவுக்கு வீட்டுக்குள்ளேயும் 11 படியா? வெளியே மலை ஏறினது போதும். மண் கணக்கு ஒன்று, வாழ்கிற கணக்கு ஒன்று.

வாழ்கிற கணக்கு: லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு காம்பரா 10க்கு 12 அடி. அதோடு ஒரு இஸ்தோப்பு, முன் திண்ணை. இடம் போதாது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் லயத்திலே ஒன்று இருந்தது, நீள வாசல். சடங்கு, மரண வீடு, பந்தல், பிள்ளைங்க விளையாட்டு எல்லாம் அங்கேதான். தனித்தனிக் காணி பிரித்து ஒவ்வொன்றுக்கும் வேலி போட்டால் அந்த வாசல் 20 துண்டாகி ஒன்றுக்கும் உதவாமல் போகும். 4 வீட்டுக்கு ஒரு பொது வாசல் விட முடியுமா பாருங்க. வருசத்துக்கு ஒரு முறை காமன் கூத்து ஆட ஒரு பொட்டல் வேணும். மாசி, பங்குனி மாதம், இப்போதான் நேரம், எந்தத் தோட்டத்தில் எந்த இடத்தில் ஆடுறாங்க, எத்தனை பேர் சுற்றி நிற்கிறாங்க என்று போய் அளந்து வாங்க.

குசினியை வரவேற்பறையோடு திறந்து வைத்திருப்பீங்க என்று நினைக்கிறேன். விறகடுப்பு இருக்கிற வீட்டில் அது நடக்காது. புகைபோக்கி கூரை முகட்டுக்கு மேலே போகணும், முகட்டுக்குக் கீழே நின்றால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். தகரத்தைத் தொடுகிற இடத்தில் இடைவெளி விட்டுத் தகடு மடிக்கணும், ஒழுகுவது அங்கேதான். ஆடிக்காற்று மழைக்கு முன்னால் சேர்த்த விறகு நனையாமல் அடுக்க 1.2 மீற்றர் அகலத் தாழ்வாரம். எல்லாரும் கட்டாயம் ஒரு அறை கூட்டிக் கட்டுவாங்க, அது எந்தப் பக்கம் வரும் என்று இப்பவே முடிவு பண்ணி அங்கே ஜன்னலுக்குப் பதில் கதவு உயரத்துக்கு லின்டல் போட்டு வைங்க. பின் கானை மூடி அறை கட்டினால் அதுதான் அந்த வீட்டுக்கு ஆபத்தான அறை.

மார்ச் 16 | கருங்கல்கட்டு

அக்கா சொல்வது சரி, அரை மாடியை விடுங்க. வீடு 5 மீற்றர் ஆழமாகவும் 10 மீற்றர் நீளமாகவும் இருந்தால் வெட்டு 2.4 ஆகக் குறையும், படியும் வேண்டாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து மலசலகூடத்து உறிஞ்சுகுழி. 20 வீட்டுத் தண்ணீரையும் ஒரே சரிவுக்குள் ஊற்றிக்கொண்டே இருந்தால் மழை வராத நாளிலும் மண் நனைந்தே இருக்கும். குழியைத் தாங்குமதிலுக்குப் பின்னால் வைக்காதீங்க, தண்ணீர் பிடிக்கிற ஊற்றுப் பீலிக்கு மேல்பக்கமும் வைக்காதீங்க. நான்கைந்து வீட்டுக்கு ஒன்றாகக் குழாயில் சேர்த்துச் சரிவு குறைந்த இடத்துக்குக் கொண்டுபோங்க. குறுக்குவெட்டில் குழாயின் மட்டத்தையும் காட்டுங்க.

மார்ச் 18 | சமவுயரம்

20 வீட்டுக்கும் அந்தச் சரிவு ஏற்ற இடமா என்பதை யாருமே கேட்கவில்லை. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேணும். மாணவர் வேலைக்கும் அதன் அபாய வரைபடத்தை எடுத்துப் பிளானுக்குக் கீழே விரிங்க. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுக்குள் போனது லயம்தான்.

இடத்திலே பார்க்க வேண்டியவை: அடியில் வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள், ஒரே பக்கம் சாய்ந்த மின்கம்பம், நிலத்தில் பிறை வடிவ வெடிப்பு, முன்பு இல்லாத இடத்தில் ஊற்று, திடீரென்று கலங்கி வருகிற பீலித் தண்ணீர். இதில் ஒன்றைக் கண்டாலும் வீட்டை அங்கே வைக்காதீங்க. 20 வீட்டை 14 ஆகக் குறைத்து, மிச்ச இடத்துக்கு ஏன் குறைத்தேன் என்று எழுதி வைப்பது தோல்வி இல்லை, அதுவே வடிவமைப்பு.

பிள்ளைமடுவத்து முற்றத்தில் ஒரு மழைமானி வைங்க. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறணும். மரமும் கூரையும் மறைக்காத திறந்த இடமாக, பக்கத்துப் பொருளின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி. அந்தக் கட்டடம் பத்திரமான சரிவில் இருந்தால் அதுவே மக்கள் கூடுகிற இடமும்.

மார்ச் 20 | மூன்றாமாண்டு

18 வீடாகக் குறைத்தேன். இரண்டு காணிக்கு நடுவில் ஊற்று இருந்தது.

பிள்ளைமடுவத்தில் சந்தேகம். தோட்டத்தில் மூடிக் கிடக்கிற பழைய தேயிலைத் தொழிற்சாலை இருக்கு. புதுசாகக் கட்டாமல் வாசிகசாலையை அதன் மேல்மாடிக்குள் வைக்கலாமா? புதுசாகக் கட்டினால் வாசிகசாலை ஜன்னல் எல்லாம் வடக்கே வைப்பேன், நேர் வெயில் வராது.

மார்ச் 21 | வாட்டுமாடி

வைக்கலாம், ஆனால் தலைகீழாக. மேல்மாடிகள் கொழுந்து வாட்டுவதற்குக் கட்டினவை. பரப்பின கொழுந்து ஒரு சதுர மீற்றருக்குச் சில பத்துக் கிலோதான், ஆகவே தரை மெல்லிய மரப்பலகை. புத்தக அடுக்கு வேறு சமாச்சாரம்: அடுக்கின ஒவ்வொரு மீற்றர் உயரத்துக்கும் சதுர மீற்றருக்கு 2.4 கிலோநியூட்டன் கணக்கிடணும். 2.1 மீற்றர் அலுமாரி என்றால் 5, கிலோவில் சொன்னால் 500. அலுமாரிகளைக் கொழுந்து உருட்டுகிற ரோலர் நின்ற கீழ்த்தளத்தில் வைங்க, அந்தத் தரை இயந்திரத்துக்காகப் போட்டது. வாசிக்கிற மேசை மேலே போகட்டும், நீள ஜன்னல் வரிசையும் அங்கேதான்.

பார்க்க வேண்டிய மற்றவை: தூணின் அடிப்பகுதி துரு, சுத்தியலால் தட்டினால் சத்தம் மாறும். பலகையும் பீமும் சேரும் இடத்தில் உளுத்திருக்கா. கூரை அஸ்பெஸ்டாஸ் என்றால் துளை போடவோ உடைக்கவோ கூடாது, நனைத்து முழுத் தகடாகக் கழற்றணும். சிறு பிள்ளைகள் வருகிற இடம் என்பதால் பிள்ளைமடுவம் தரை மட்டத்தில் மட்டும். மேல்மாடியிலிருந்து இறங்க எதிரெதிர் முனையில் இரண்டு படிக்கட்டு. கந்தப்பளை ஹெதர்செட் தொழிற்சாலை 1996 இல் ஹோட்டலானது, வெளித்தோற்றத்தையும் ஜன்னல் வரிசையையும் காப்பாற்றினது அதில் படிக்க வேண்டிய பாடம். அதன் செலவு உங்க பிள்ளைமடுவத்துக்குப் பொருந்தாது.

மார்ச் 22 | மூன்றாமாண்டு

அண்ணே, கீழ்த்தளத்தில் ஈரம் ஏறுதே? மலைப்பக்கச் சுவர் அரை உயரம் கறுத்திருக்கு.

மார்ச் 22 | வாட்டுமாடி

அப்படியானால் அலுமாரியை அந்தச் சுவரில் சாய்க்காதீங்க, 600 மில்லிமீற்றர் விட்டு நடுவுக்குக் கொண்டுவாங்க. சுவருக்கு வெளியே கான் மண் மூடிக் கிடக்கும், முதலில் அதைத் தோண்டிப் பாருங்க. உள்ளே பூசி மறைப்பதில் பிரயோசனம் இல்லை, ஈரம் பூச்சுக்கு மேலால் ஏறும்.

ஏப்ரல் 5 | சமவுயரம்

வடக்கு ஜன்னல் பேச்சு பதிலில்லாமல் போய்விட்டது. குளிர்நாட்டுப் பாடநூல் விதி அது. நாங்கள் வடக்கு 7 பாகையில் இருக்கிறோம். இந்த வாரம் நண்பகலில் வெளியே நின்று பாருங்க, நிழல் காலடியிலேயே கிடக்கும். இனிச் செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே. ஜூன் 21 இல் வடக்கே 73.5 பாகை உயரம், டிசம்பர் 21 இல் தெற்கே 59.5. ஜன்னல் 1.5 மீற்றர் உயரம் என்றால் நண்பகல் வெயிலை மறைக்க வடக்கே 450 மில்லிமீற்றர் தாழ்வாரம், தெற்கே 900.

ஏப்ரல் 5 | பீலிக்கரை

கணக்கு சரி. ஆனால் ஹட்டனில் ஜூனில் வெயிலை எங்கே தேடுறது? தென்மேற்கு மழை மே முதல் செப்டெம்பர் வரை சாய்ந்து அடிக்கும். அந்தப் பக்கத்துக்குத் தாழ்வாரம் வெயிலுக்காக இல்லை, சாரலுக்காக, 900க்கும் போதாது. பிள்ளைங்க வருகிற காலை 7 மணிக்கு ஜனவரியில் கை விறைக்கும், அந்த நேரத்து வெயிலுக்குக் கிழக்கே ஜன்னல் வேணும். எதிர் மலை எத்தனை மணிவரை நிழல் போடுது என்று பார்த்துவிட்டு வைங்க. இதே கட்டடம் பசறையில் என்றால் வடகிழக்கு மழைக்குத் திருப்பணும்.

ஏப்ரல் 6 | சமவுயரம்

ஒத்துக்கொள்கிறேன். சாரல் முதலில், வெயில் பிறகு.

கூரையில் இன்னொன்று: வெறும் தகரத்துக்கு அடியில் இரவிலே பனி வியர்த்துச் சொட்டும், சீலிங் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். தகட்டுக்குக் கீழே காப்புப் படலம், அதற்கும் சீலிங்குக்கும் நடுவில் காற்று போக ஓரத்திலும் முகட்டிலும் திறப்பு. மழைச் சத்தத்தில் கதை சொல்லிக் கொடுக்க முடியாமல் போவதும் இதனால் குறையும்.

ஏப்ரல் 11 | மூன்றாமாண்டு

சந்தை இறுதி வடிவம்: 0.00, +1.79, +5.36. சாய்தளம் சமவுயரக்கோட்டோடு. மதில் 1.1 மீற்றர் அடியோடு வரைந்தாச்சு. கான், வடிதுளை, சல்லி எல்லாம் 1:20 குறுக்குவெட்டில். வெட்டு 358 கன மீற்றர், 53 லோட் என்று போர்டிலேயே எழுதினேன். கூரை 600 சதுர மீற்றர், தண்ணீர் வலது மூலைக்கு இறங்குது.

ஏப்ரல் 11 | கருங்கல்கட்டு

நல்லாயிருக்கு தங்கச்சி. கட்டுகிற வரிசையையும் எழுதுங்க: வெட்டு ஜனவரி முதல் மார்ச்சுக்குள், 3 மீற்றர் துண்டாக ஒன்று விட்டு ஒன்று, ஒரு துண்டில் மதில் ஏறின பிறகு அடுத்தது.

வலது மூலைக்கு அப்புறம் அந்தத் தண்ணீர் எங்கே போகுது? மணிக்கு 150 மில்லிமீற்றர் மழையில் 600 சதுர மீற்றர் கூரை செக்கனுக்கு 25 லீற்றர் இறக்கும், இரண்டரை வாளி. வீதியோரக் கானின் அகலம் என்ன, அடுத்த மதகு எவ்வளவு தூரம்?

ஏப்ரல் 12 | மூன்றாமாண்டு

கான் 300 அகலம், பாதி மண். மதகு 40 மீற்றர் கீழே, பக்கத்துக் கடைகளைத் தாண்டி.

ஏப்ரல் 12 | கருங்கல்கட்டு

அப்போ சைட் பிளானை அந்த மதகு வரைக்கும் நீட்டுங்க. மேல்வீதிப் பக்கம் ஒரு தொட்டி வைத்துப் பாதித் தண்ணீரைப் பிடித்தால் சந்தை கழுவவும் மலசலகூடத்துக்கும் ஆகும். மிச்சத்தை அந்தக் கான் தாங்குமா என்று சரிவை அளந்து பாருங்க.